நடுவுநிலையைக் காக்கும் வேலிகள்: மலேசிய நீதித்துறையின் அமைப்பும் சுதந்திரமும்



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் நம் நாட்டு நீதித்துறை. சட்டம் பயின்றோர்க்கே உரிய பொருள் இது எனச் சிலர் எண்ணக்கூடும். நிலத்தை இழந்தவர், வேலையை இழந்தவர், குற்றம் சாட்டப்பட்டவர் என எவரும் ஒருநாள் நீதிமன்றப் படியேற நேரலாம். அப்போது எதிர்த்தரப்பில் அரசாங்கமே நிற்கவும் கூடும். அரசாங்கத்திடம் பணமும் அதிகாரமும் அலுவலர்களும் உண்டு. தனிமனிதரிடம் இருப்பது தம் பக்கத்து நியாயம் ஒன்றே. அந்த நியாயத்தைப் பொறுமையாகக் கேட்டு, எவருக்கும் அஞ்சாது தீர்ப்புரைக்கும் ஒருவர் நடுவில் அமர்ந்திருக்க வேண்டும். அதற்காக நாடு செய்துள்ள ஏற்பாடுகள் யாவை, அவை எந்த அளவுக்குத் தாங்கி நின்றன என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

நீதி என்றதும் தமிழர் நெஞ்சில் எழுவது சிலப்பதிகாரத்து வழக்குரை காதை. பாண்டியன் நெடுஞ்செழியன் கொடியவன் அல்லன். தவற்றை உணர்ந்ததும் உயிர்நீத்த மன்னன். எனினும் கோவலன் கொல்லப்பட்டான். பொற்கொல்லனின் சொல்லைக் கேட்டவனும், குற்றத்தை முடிவுசெய்தவனும், தண்டனைக்கு ஆணையிட்டவனும் ஒருவனே. குற்றம் சாட்டப்பட்டவனை அழைத்து அவன் கேட்கவில்லை. முறையிட மேலோர் அவையும் இல்லை. கண்ணகி வந்து உண்மையை நாட்டியபோது காலம் கடந்துவிட்டது. நல்ல மனிதர் இருந்தால் மட்டும் நீதி நிலைக்காது. நல்ல அமைப்பும் வேண்டும் என்பதை இக்காப்பியம் நமக்கு உணர்த்துகிறது.

நீதிமன்றங்களின் படிநிலை

நம் நாட்டு அமைப்பைக் கீழிருந்து மேலாகக் காண்போம். அடிநிலையில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் உள்ளது. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் 100,000 ரிங்கிட் வரையிலான உரிமையியல் வழக்குகளை விசாரிக்கலாம். அதற்கு மேல் செஷன்ஸ் நீதிமன்றம். அதன் பொதுவான வரம்பு 10 இலட்சம் ரிங்கிட். சாலை விபத்து இழப்பீட்டு வழக்குகளுக்கு அவ்வரம்பும் இல்லை. மரண தண்டனைக்குரிய குற்றங்கள் தவிர ஏனைய குற்றங்களையும் அது விசாரிக்கும்.

இவற்றுக்கு மேல் சமநிலையுடைய இரண்டு உயர் நீதிமன்றங்கள் உள்ளன. ஒன்று மலாயாவுக்கு உரியது. மற்றொன்று சபா, சரவாக் மாநிலங்களுக்கு உரியது. அவற்றுக்கு மேல் மேல்முறையீட்டு நீதிமன்றம். உச்சியில் புத்ராஜெயாவில் அமர்ந்துள்ள கூட்டரசு நீதிமன்றம். இவற்றோடு, முஸ்லிம்களின் குடும்ப, சமய விவகாரங்களை மாநிலச் சட்டங்களின்படி விசாரிக்கும் ஷரியா நீதிமன்றங்களும், சபா, சரவாக்கில் வழக்காற்றுச் சட்டத்தின்படி இயங்கும் சுதேச நீதிமன்றங்களும் தனித்தனியே உள்ளன.

விடுதலைக்குப் பின்னரும் நெடுங்காலம் நம் வழக்குகளின் இறுதிச் சொல் இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சிலிடமே இருந்தது. குற்றவியல், அரசியலமைப்பு வழக்குகளின் மேல்முறையீடு 1978 தொடக்கத்திலும், எஞ்சியவை 1985 தொடக்கத்திலும் நிறுத்தப்பட்டன. உள்நாட்டு உச்ச நீதிமன்றமே இறுதி மன்றமாயிற்று. இதனால் இரண்டாம் முறை மேல்முறையீடு செய்யும் வாய்ப்பு மறைந்தது. அக்குறையைப் போக்க 1994-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவப்பட்டது. உச்ச நீதிமன்றம் கூட்டரசு நீதிமன்றம் என்னும் பெயரை மீண்டும் பெற்றது. நீதிபதியும் மனிதரே, பிழை நேரலாம். அப்பிழை ஓர் உயிரையோ ஒரு வாழ்வையோ குலைக்கும் முன்னர்த் திருத்துவதற்கே இத்தனை படிகள்.

அரசியலமைப்பு இட்ட வேலிகள்

படிகள் மட்டும் போதா. படியில் அமர்ந்திருப்பவர் அச்சமின்றி இருக்க வேண்டும். அதற்கெனக் கூட்டரசு அரசியலமைப்பு சில வேலிகளை இட்டுள்ளது.

முதலாவது, பதவிக்காலம். மேல்நிலை நீதிமன்ற நீதிபதி 66 வயது வரை பதவி வகிப்பார். மாமன்னர் ஒப்பினால் மேலும் ஆறு மாதம் நீடிக்கலாம். அடுத்த தேர்தலில் எவர் வென்றாலும் அவருடைய இருக்கை அசையாது. இரண்டாவது, ஊதியம். அது ஆண்டுதோறும் நாடாளுமன்றம் வாக்களித்து வழங்கும் தொகையன்று. கூட்டு நிதியிலிருந்து நேரே வழங்கப்படுவது. நியமனத்திற்குப் பின் அவருக்குப் பாதகமாக அதனைக் குறைக்க இயலாது. மூன்றாவது, பதவி நீக்கம். பிரதமரோ அமைச்சரோ நீதிபதியை நீக்க இயலாது. ஐவருக்குக் குறையாத, நீதிபதிப் பதவியில் உள்ள அல்லது இருந்த உறுப்பினர்களைக் கொண்ட நடுவர் மன்றம் ஆராய்ந்து பரிந்துரைத்த பின்னரே மாமன்னர் அவரை நீக்கலாம். நான்காவது, நாடாளுமன்ற விவாதம். அவையின் மொத்த உறுப்பினர்களுள் நான்கில் ஒரு பங்கினராவது முன்னறிவிப்புத் தந்து தனித் தீர்மானம் கொண்டுவந்தாலன்றி, நீதிபதியின் நடத்தையை அங்கே விவாதிக்க இயலாது. மாநிலச் சட்டமன்றத்தில் விவாதிக்கவே இயலாது.

இவ்வேலிகள் மேல்நிலை நீதிமன்றங்களுக்கே உரியவை என்பதையும் நாம் மனத்திற்கொள்ள வேண்டும். பொதுமக்கள் பெரும்பாலும் நிற்பது மாஜிஸ்திரேட்டின் முன்னரும் செஷன்ஸ் நீதிபதியின் முன்னரும்தான். அவர்களுக்கு இத்தகைய அரசியலமைப்புக் காப்பு இல்லை.

1988-ஆம் ஆண்டு தந்த பாடம்

இவ்வேலிகள் ஒருமுறை கடுஞ்சோதனைக்கு உள்ளாயின. அன்றைய பிரதமர் நீதித்துறையைக் கடுமையாக விமர்சித்து வந்த 1988-ஆம் ஆண்டில், நீதித்துறையின் தலைவராக இருந்த துன் சாலே அபாஸ், நீதிபதிகளின் சார்பில் தம் மனக்குறையை மாமன்னருக்குக் கடிதமாக எழுதினார். பின்னர் அவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். அவரை விசாரிக்க நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது. அம்மன்றத்திற்குத் தலைமை ஏற்றவர், அவருடைய இடத்தில் தற்காலிகமாகப் பொறுப்பு வகித்து, பின்னர் அதே பதவிக்கு வந்தவர். அறிக்கையை மாமன்னரிடம் அளிக்காதவாறு தற்காலிகத் தடை விதித்த உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐவரும் பணியிடைநீக்கத்திற்கு ஆளாயினர். அவ்வாண்டு ஆகஸ்டில் துன் சாலே அபாஸ் நீக்கப்பட்டார். ஐவருள் இருவரும் பின்னர்ப் பதவி இழந்தனர்.

சட்டம் கூறிய வடிவம் அங்கே இருந்தது: நடுவர் மன்றம் கூடியது, அறிக்கை தந்தது, மாமன்னர் ஆணையிட்டார். ஆயினும் நீதி செய்யப்பட்டது என்னும் நம்பிக்கை பலருக்குப் பிறக்கவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 2008-இல், அரசாங்கம் அந்நீதிபதிகளுக்குக் கருணைத் தொகை வழங்க முன்வந்தது. இழந்த பதவியை அத்தொகை மீட்டுத் தராது. எனினும் ஆறாத புண் ஒன்று உண்டு என்பதை அச்செயல் நாட்டுக்கு உணர்த்தியது.

அதே 1988-இல் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. கூட்டரசின் நீதி அதிகாரம் நீதிமன்றங்களிடம் உள்ளது எனக் கூறிய 121-ஆவது பிரிவின் சொற்கள் நீக்கப்பட்டன. கூட்டரசுச் சட்டம் வழங்கும் அதிகாரமே நீதிமன்றங்களுக்கு உண்டு என்று அது திருத்தப்பட்டது. ஒரு தொடரை நீக்குவதால் என்ன நேர்ந்துவிடும் என்று மொழி பயில்வோர் கேட்க மாட்டார்கள். அதிகாரம் ஒருவரிடம் இயல்பாக உள்ளது என்பதற்கும், பிறர் கொடுத்தால் உண்டு என்பதற்கும் உள்ள தொலைவை அவர்கள் அறிவார்கள்.

மீட்சியும் எஞ்சிய கேள்வியும்

அத்தொலைவை நீதிமன்றமே பின்னர்க் குறைத்தது. 2017-இல் செமினி ஜெயா வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பொன்றை வழங்கியது. அரசு கையகப்படுத்திய நிலத்திற்கான இழப்பீட்டை நீதிபதியுடன் அமரும் மதிப்பீட்டாளர் இருவரே முடிவு செய்வர். நீதிபதி அதனை ஏற்றே ஆக வேண்டும் என்று நிலம் கையகப்படுத்தும் சட்டத்தின் ஒரு பிரிவு கூறியது. நீதிபதி அல்லாதார் கையில் தீர்ப்பை ஒப்படைக்கும் அப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என மன்றம் அறிவித்தது. நீதி அதிகாரம் நீதித்துறைக்கே உரியது. அது அரசியலமைப்பின் அடிப்படைக் கூறு என்றும் விளக்கியது. ஒரு துண்டு நிலத்தின் விலை பற்றிய வழக்கு, நாட்டின் அதிகாரப் பகிர்வை மீண்டும் தெளிவுபடுத்திற்று.

எஞ்சி நிற்பது நியமனம் பற்றிய கேள்வி. மேல்நிலை நீதிபதிகளை, ஆட்சியாளர்கள் மன்றத்தைக் கலந்தபின், பிரதமரின் ஆலோசனைப்படி மாமன்னர் நியமிக்கிறார். 2009-ஆம் ஆண்டுச் சட்டம் நீதித்துறை நியமன ஆணையத்தை ஏற்படுத்தியது. ஒன்பது உறுப்பினரைக் கொண்ட அவ்வாணையம் தகுதியானோரைத் தேர்ந்து பிரதமருக்குப் பரிந்துரைக்கிறது. நல்ல முன்னேற்றமே. ஆயினும், மாமன்னருக்கு ஆலோசனை கூறும் பொறுப்பு பிரதமரிடமே உள்ளது; ஆணைய உறுப்பினருள் ஐவரைத் தெரிவு செய்பவரும் அவரே. வழக்கில் அடிக்கடி ஒரு தரப்பாக நிற்கும் அரசாங்கத்தின் தலைவரிடம் இவ்வளவு பொறுப்பு இருக்கலாமா என்பது நாம் தொடர்ந்து சிந்திக்க வேண்டிய வினா.

ஆசிரியப் பெருமக்களே, திருக்குறளின் நடுவு நிலைமை அதிகாரத்தை வகுப்பில் கற்பிக்கும்போது, மேற்கூறிய வேலிகளையும் மாணவர்க்கு எடுத்துரையுங்கள். தனிமனிதப் பண்பாக நாம் போற்றும் நடுவுநிலை, ஓய்வு வயது, ஊதிய விதி, நீக்க முறை ஆகிய வறண்ட விதிகளின் துணையோடுதான் மன்றத்தில் நிலைபெறுகிறது. மாணவச் செல்வங்களே, நீதிமன்றங்களின் பெயர்களையும் அவற்றின் எல்லைகளையும் தமிழிலேயே சொல்லப் பழகுங்கள். தம் உரிமைக்குரிய சொல்லை அறியாதவர் அவ்வுரிமையைக் கேட்டுப் பெறுவது அரிது. வேலியை இடுவது சட்டம். அது சாயும்போது கண்டு சொல்ல வேண்டியவர்கள் நாமே.