கொழும்பின் ஊர்காண் காதை

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்திலே ஊர்காண் காதை என்றொரு பகுதி உண்டு. கண்ணகியைக் கவுந்தியடிகளின் பாதுகாப்பில் விட்டுவிட்டுக் கோவலன் தனியே மதுரைக்குள் நுழைகிறான். மணிகள் விற்கும் தெரு, பொன் விற்கும் தெரு, துணிக்கடை வீதி, கூலக்கடை வீதி என ஒவ்வொன்றாகப் பார்த்து மகிழ்ந்து திரும்புகிறான். நகரைக் கண்டானே தவிர, அதனை அறியவில்லை. பின்னர் சிலம்பை விற்கப் போனவன் உயிரோடு திரும்பவில்லை. இவன் இன்னான் என்று அரசனிடம் எடுத்துச் சொல்ல அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

டிக்கோயாவிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் நம் பிள்ளைகள் கொழும்புக்குப் புறப்படும் போதெல்லாம் இந்தக் காதை என் நினைவுக்கு வருவதுண்டு. சாதாரணதரப் பரீட்சை முடிந்த கையோடு ஹட்டனில் ரயில் ஏறிப் புறக்கோட்டைக் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் பங்களாக்களுக்கும் வேலைக்குப் போகிறார்கள். தீபாவளிக்கு வரும்போது, “கொழும்பில் என்னடா பார்த்தாய்?” என்று கேட்டால், காலிமுகத்திடல், தாமரைக் கோபுரம் என்று இரண்டு மூன்றோடு பட்டியல் முடிந்துவிடும். பத்து வருடம் அங்கே இருந்தாலும், “கொழும்பு அவர்களுடைய ஊர், சேர்” என்பார்கள். 1983 ஆடியில் அந்த வீதிகளில் நம்மவர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்கள் இந்தப் பேச்சைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆயினும் இதை அப்படியே விட்டுவிடலாமா? கொழும்பிலே நமக்குரிய சுவடுகள் எத்தனையோ உண்டு. தேடிப் போவார்தான் இல்லை.

முதலில் மருதானைக்குப் போவோம். தொழில்நுட்பக் கல்லூரியை அண்டி ஒரு பழைய கட்டடம் நிற்கிறது. 1865ஆம் ஆண்டு இந்நாட்டில் ரயில் சேவை ஆரம்பித்தபோது கொழும்பின் முனையமாக இருந்த நிலையம் அது. கோப்பிக்காகப் போடப்பட்ட பாதை 1867இல் கண்டியையும், தேயிலைக் காலம் பிறந்த பிறகு 1884இல் ஹட்டனையும் எட்டியது. நம் மலைகளின் விளைச்சல் கடலுக்குப் போய்ச் சேர்ந்த வழி இது. அங்கிருந்து சற்றுத் தள்ளி, தண்டவாளங்களுக்கும் பேரை வாவிக்கும் இடையில் ஒதுங்கினாற்போலக் கப்பித்தாவத்தைக் கைலாசநாதர் ஆலயம் இருக்கிறது. கொழும்பின் மிகப் பழைய இந்துக் கோயில் என்று அதனைச் சொல்வார்கள். கோட்டைக்கு ரயிலில் போகும் நம்மவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்திருப்பார்கள்?

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலை அறியாத மலையகத்தவர் இல்லை. சமயம் பாராமல் செவ்வாய்க்கிழமைகளில் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அதே கொச்சிக்கடையில், சிறிது தூரம் நடந்தால் எட்டிவிடக்கூடிய இடத்தில், பொன்னம்பலவாணேசர் கோயில் கருங்கல்லால் எழுந்து நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் தம் தந்தையார் கட்டிய கோயிலைக் கல்லிலே புதுப்பித்தார். வெளியே துறைமுகத்து லொறிகளின் இரைச்சல். உள்ளே தஞ்சை மண்டலத்துக் கோயிலொன்றில் நிற்பது போன்ற குளிர்ச்சி.

தமிழ் படிப்பவர் கட்டாயம் காண வேண்டிய கல் ஒன்று தேசிய நூதனசாலையில் இருக்கிறது. சீன மாலுமி செங் ஹோ கொண்டுவந்த அந்தக் கல்லில் 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் சாசனம் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்டுள்ளது. சீனப் பகுதி புத்தருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையில் கோயில் கொண்ட தெனாவரை நாயனாருக்கும் அளித்த காணிக்கைகளைச் சொல்கின்றன. 1911இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்டபோது அது வடிகானுக்கு மூடியாகக் கிடந்தது. தமிழ் இந்நாட்டுக்குக் கோப்பிக் கன்றோடு வந்த மொழி என்று எவரேனும் நம் பிள்ளையிடம் சொன்னால், அவன் வாக்குவாதம் செய்ய வேண்டியதில்லை. அந்தக் கல்லுக்கு முன்னால் அவரை அழைத்துப் போனால் போதும்.

இனி, கொம்பனித்தெருப் பக்கம் நவம் மாவத்தை. அங்கே வர்த்தக சம்மேளனக் கட்டடத்திலேதான் நெடுங்காலம் தேயிலை ஏலம் நடந்தது. கொழும்பின் முதலாவது தேயிலை ஏலம் 1883 ஜூலை 30ஆம் திகதி நடைபெற்றது. அன்று தொட்டு உலகத்து வியாபாரிகள் நம் தேயிலைக்குக் கொழும்பில் விலை கூறி வந்திருக்கிறார்கள். 2020இலிருந்து ஏலம் இணையவழிக்கு மாறிவிட்டதால் அந்த மண்டபத்துக் கூச்சல் ஓய்ந்தது. ஏலப் பட்டியலிலே தோட்டத்தின் பெயர் இருக்கும், தேயிலையின் ரகம் இருக்கும், எடை இருக்கும். கொழுந்து பறித்தவளின் பெயர் மட்டும் இருக்காது. அந்தக் கட்டடத்தின் எதிரே ஒரு நிமிடம் நின்று, தன் தாயின் பெயரைத் தானே மனத்துக்குள் சொல்லிக்கொள்ளும் பிள்ளைக்கு இந்த நகரம் எதனால் ஆனது என்பது விளங்கிவிடும்.

நடந்த களைப்புக்கு உட்கார ஓர் இடம் வேண்டுமல்லவா? வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அதன் நூலகத்தில் நம் மலையக எழுத்தாளர்களையே நாம் தேடி வாசிக்கலாம். யாழ்ப்பாணத்தில் 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய ‘மல்லிகை’ பிற்காலத்தில் கொழும்பு ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்துதான் வெளிவந்தது. நகைக்கடைகளுக்குப் பெயர்போன செட்டியார் தெருவுக்கு அயலிலே ஓர் இலக்கியச் சஞ்சிகையும் மூச்சுவிட்டிருக்கிறது!

ஒன்றை மனங்கொள்ள வேண்டும். நான் சொன்ன இடங்களுக்குப் போவதற்குப் பெருஞ்செலவில்லை. பஸ் கட்டணமும் ஒரு விடுமுறை நாளுமே வேண்டும். அந்த விடுமுறையும் கிடைக்காத பிள்ளைகள் கடைகளிலும் வீடுகளிலும் இருக்கிறார்கள் என்பதையும் அறிவேன். வாரத்தில் ஒரு நாளை அவர்களுக்கென விட்டுக்கொடுப்பது முதலாளிமாரின் தருமம். புறப்படும் பிள்ளையின் கையில் முகவரித் துண்டோடு இத்தகைய இடங்களின் பெயர்களையும் எழுதிக் கொடுத்து அனுப்புவது ஆசிரியர்களாகிய எம்முடைய கடமை.

கோவலன் கண்ட மதுரையை இளங்கோவடிகள் பாடினார். மலையகத்தான் கண்ட கொழும்பைத் தெளிவத்தை ஜோசப் போன்றவர்கள் எழுதத் தொடங்கினார்கள்; அவரது ‘குடை நிழல்’ நாவல் அந்த நகரத்து அச்சத்தைச் சொல்லிற்று. அச்சத்திற்கு அப்பாலுள்ள மிச்சக் கதை இன்னும் எழுதப்படவில்லை. அதனை எழுத வேண்டியவர்கள் இந்நேரம் புறக்கோட்டைக் கடைகளில் துணியை மடித்துக்கொண்டிருக்கக்கூடும். அவர்கள் முதலில் நடந்து பார்க்கட்டும்.