முன்னாள் கைதி எழுதிய தீர்ப்புகள்

1948ஆம் ஆண்டு. அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் தொழில் நடத்திக்கொண்டிருந்த ஓர் இளம் வக்கீலைப் போலீஸ் பிடித்துக்கொண்டுபோய்ச் சிறையில் அடைத்தது. கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்பது அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றம். ஏறக்குறைய ஒரு மாதம் உள்ளே இருந்தார். அதே வக்கீல் 1952இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு உறுப்பினராக வந்தார். 1957இல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். அமைச்சரவை அமைந்தபோது சட்டத்துறையோடு சிறைத்துறையும் அவர் பொறுப்புக்கு வந்தது. 1973இல் உச்ச நீதிமன்றத்தில் போய் அமர்ந்தார்.

வி.ஆர். கிருஷ்ணய்யர் என்ற பெயரை இந்த அவையில் தெரியாதவர்கள் குறைவு. அவர் ஒரு முன்னாள் கைதி என்பதை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

பூட்டு விழும் ஓசையை உள்ளேயிருந்து கேட்டவர் அவர். அந்த அனுபவம் அவருடைய தீர்ப்புகளில் பேசுகிறது. 1977இல் கியாசுதீன் என்ற ஆந்திர இளைஞரின் வழக்கு அவரிடம் வந்தது. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி இளைஞர்களிடம் பணம் பறித்த வழக்கு. மூன்று ஆண்டு கடுங்காவல். கிருஷ்ணய்யர் குற்றம் நடக்கவில்லை என்று சொல்லவில்லை. இந்த மனிதன் திரும்பி வரும்போது எப்படி வரப்போகிறான் என்று கேட்டார். தண்டனையை 18 மாதமாகக் குறைத்தார். அவருக்கு ஏற்ற வேலை கொடுக்கவேண்டும், கூலி தரவேண்டும், ஒழுங்காக இருந்தால் பரோலில் வீட்டுக்கு அனுப்பவேண்டும் என்று உத்தரவிட்டார்.

மறு ஆண்டு மத்தியப் பிரதேசத்திலிருந்து ஒரு கொத்தனாரின் வழக்கு. உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்துவிட்டது. கீழே மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். கொத்தனாரின் அண்ணன் தம்பி முன்வந்தால், சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்றார். 1978இல் நாள் கூலி வாங்கும் கொத்தனார் பத்தாயிரத்துக்கு எங்கே போவார்? 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணைப் பத்திரம் எழுதிக்கொடுத்தால் போதும், விடுங்கள் என்றார் கிருஷ்ணய்யர். 1979இல் திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா என்ற கைதி ஒரு கடிதம் எழுதினார். பக்கத்தில் இருந்த கைதியை, அவருடைய உறவினரிடம் பணம் கறப்பதற்காக ஒரு வார்டர் சித்திரவதை செய்தார் என்பது செய்தி. அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டது நீதிமன்றம். சிறை வாசலோடு அரசியல் சட்டம் நின்றுவிடுவதில்லை என்பதை அந்த வழக்கு நிலைநாட்டியது.

அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகள் ஓடியும் டீக்கடையில் என்ன பேசுகிறோம்? "உள்ளே போய்க் களி தின்னட்டும், அப்போதுதான் புத்தி வரும்." கோபம் நியாயமாக இருக்கலாம். பறிகொடுத்தவருக்கு அந்தக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் களி தின்றவர்களுக்கு அங்கே யார் புத்தி சொன்னார்கள்? சிறைகளில் சாதிவாரியாக வேலை பிரிப்பதையும் ஆட்களைப் பிரித்து அடைப்பதையும் உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3ஆம் தேதிதான் தடை செய்தது. அந்த வழக்கில் நம்முடைய பாளையங்கோட்டைச் சிறையின் பெயரும் வந்தது. தலைகுனிந்து கேட்டுக்கொள்ளவேண்டிய செய்தி இது.

2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் மேல் எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படவில்லை! வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கி, தண்டனையைத் தீர்ப்புக்கு முன்னாலேயே அனுபவித்துக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே கழித்திருந்தால் விடவேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு. பெருங்குற்றங்களுக்கும் பல வழக்கு உள்ளவர்களுக்கும் அது பொருந்தாது. பொருந்துகிறவருக்காவது அது தெரியவேண்டாமா? உள்ளே இருப்பவருக்கு யார் போய்ச் சொல்வது?

சிறைக்கு மாற்றாகச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. நன்னடத்தைச் சட்டம். இதை வெளிநாட்டுச் சரக்கு என்று ஒதுக்குகிறவர்கள், இந்தியா முழுமைக்கும் 1958இல் சட்டம் வருவதற்கு இருபதாண்டு முன்பே, 1936இல், சென்னை மாகாணம் தனக்கென்று ஒரு நன்னடத்தைச் சட்டம் இயற்றியதைத் தெரிந்துகொள்ளட்டும். முதல்முறை திருடியவரைக் கண்டித்து அனுப்ப 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு இடம் தருகிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ இல்லாத குற்றம் என்றால், பத்திரம் எழுதி வாங்கி மூன்று ஆண்டுவரை நன்னடத்தையில் விடலாம் என்கிறது 4ஆம் பிரிவு. 6ஆம் பிரிவு இன்னும் அழுத்தமானது. 21 வயது நிரம்பாதவரைச் சிறைக்கு அனுப்புவதென்றால், நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைப் பார்க்கவேண்டும். ஏன் அனுப்புகிறோம் என்று காரணம் எழுதவேண்டும்.

12ஆம் பிரிவு என்று ஒன்றும் இருக்கிறது. நன்னடத்தையில் விடப்பட்டவருக்கு, தண்டிக்கப்பட்டவர் என்பதால் சட்டப்படி வரும் தகுதியிழப்பு எதுவும் இல்லை என்கிறது அது. ஒரு பையனின் வருங்காலமே அந்த ஒரு பிரிவில் இருக்கிறது. அதை எடுத்துப் பேசாமல் "குற்றத்தை ஒத்துக்கொள், சீக்கிரம் முடிந்துவிடும்" என்று அவன் காதில் சொல்கிறவர்கள், அவனுக்கு எதைப் பறிகொடுக்க வைக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

புழலிலும் கோவையிலும் சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்குகளைப் பார்த்திருப்பீர்கள். கைதிகள் பெட்ரோல் போடுகிறார்கள், காசு வாங்குகிறார்கள், சில்லறை தருகிறார்கள். நாமும் நம்பி வண்டியை நிறுத்துகிறோம். நல்ல முயற்சி, மனமாரப் பாராட்டவேண்டும். அதே மனிதர் விடுதலையாகி, அதே சாலையில் அடுத்த பங்கில் வேலை கேட்டால்? போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேட்போம். வாடகைக்கு வீடு கேட்டால் ஊர் எது, ஜாமீன் யார் என்போம். கைதியாக இருந்தபோது நம் பணத்தை எண்ணி வாங்கியவரை, விடுதலையான மறுநாள் நம்ப மறுக்கிறோம். இது என்ன நியாயம்?

நாம் கேட்பது புதுச் சட்டம் அல்ல. நன்னடத்தையில் விட வழியிருந்தும் விடாவிட்டால் அதற்குத் தனிக் காரணத்தைத் தீர்ப்பிலேயே எழுதவேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 361ஆம் பிரிவு சொன்னது. புதிய சட்டத்தில் 402ஆம் பிரிவாக அது அப்படியே இருக்கிறது. ஆகவே இங்கே உட்கார்ந்திருக்கும் இளம் வக்கீல்களிடம் ஒரு வேண்டுகோள். நாளைக் காலை உங்கள் கோர்ட்டில், செல்போன் திருடிய பத்தொன்பது வயதுப் பையன் கூண்டில் நிற்பான். தண்டனை சொல்லும் நேரத்தில் எழுந்து நில்லுங்கள். நன்னடத்தை அலுவலரின் அறிக்கை எங்கே என்று கேளுங்கள். வரவில்லை என்றால், வரும்வரை வழக்கைத் தள்ளிவைக்கக் கேளுங்கள். அதன் பிறகும் சிறைதான் என்றால், காரணத்தை எழுதச் சொல்லுங்கள்.