குதிரையின் வாய்க்கு வேலை கொடுங்கள்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். குதிரையை நடத்திப் பார்ப்பதற்கு முன்பே, “என்ன போடுறீங்க?” என்றுதான் பேச்சு தொடங்கும். முட்டை, பால், பாதாம், நெய் என்று ஒவ்வொன்றாக வரும். எத்தனை அயிட்டமோ அத்தனை மதிப்பு. புல்லைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார். எனக்கு அங்கேதான் பொறுமை போய்விடும்.

இந்த மோகம் நேற்று வந்ததல்ல. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் கப்பலில் வந்து இறங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை விரைவிலேயே செத்துப்போனதை எழுதியிருக்கிறார். சோற்றோடு இறைச்சியும் சமைத்துப் போட்டார்கள் என்கிறார். அந்தக் காலத்தை ஒட்டி எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், வறுத்த வாற்கோதுமை, வெண்ணெய் சேர்த்த தானியம், காய்ச்சிய பசும்பால் என்று சொல்கிறார். நம் வெயிலும், வைத்தியம் தெரிந்த ஆள் இல்லாததும் சாவுக்குக் காரணமாக இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனாலும் அதைப் படிக்கும்போது எனக்கு அந்தியூர்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். குதிரை மெல்ல வேண்டும். நாளெல்லாம் மெல்ல வேண்டும்.

ஏன் என்றால், நமக்குச் சாப்பாட்டைப் பார்த்தாலே எச்சில் ஊறும். குதிரைக்கு மென்றால்தான் ஊறும். இரைப்பையில் அமிலமோ இரவு பகல் பாராமல் சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தைத் தணிப்பது எச்சிலும், உள்ளே நிறைந்து கிடக்கிற புல்லும்தான். ஒரு கிலோ காய்ந்த புல்லை மென்று தீர்க்க ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும். ஒரு கிலோ ஓட்ஸ் 10 நிமிடத்தில் தீர்ந்துவிடும். பாதாமும் முட்டையும் எத்தனை நிமிடம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மிச்ச நேரமெல்லாம் வெறும் வயிற்றில் அமிலம். புண் வராமல் என்ன செய்யும்?

அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை மிகச் சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். தானியத்தை ஒரே வேளையில் கொட்டினால், சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து அப்படியே பெருங்குடலுக்கு இறங்கிவிடும். அங்கே நார்ச்சத்தை நொதிக்க வைக்கிற நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. மாவு போய்ச் சேர்ந்தால் அந்த இடமே புளித்துவிடும். வயிற்றுவலி வரும், சில குதிரைக்குக் குளம்புக்குள் வீக்கம் கண்டு, காலை ஊன்ற முடியாமல் போகும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது போனதுதான்.

பழநியில் குதிரை வண்டி ஓட்டிய ஒரு பெரியவரிடம்தான் நான் இதையெல்லாம் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். கொள்ளை ராத்திரியே ஊறப் போட்டுவிடுவார். காலையில் வேகவைத்து, ஒரு பருக்கையை எடுத்துக் கட்டைவிரலால் நசுக்குவார். மாவாக மசிந்தால்தான் இறக்குவார். பச்சைக் கொள்ளில் செரிமானத்தைத் தடுக்கிற பொருள் இருக்கிறது, வேகவைத்தால் அது முறிந்துவிடும். இந்த விவரம் எனக்குப் பின்னால் புத்தகத்தில் கிடைத்தது, அவர் கைக்கு அது முன்பே தெரிந்திருந்தது. கொள்ளு ஆறியதும் அதைத் தனியாக வைக்க மாட்டார். விரல் நீளத்துக்கு நறுக்கிய புல்லோடு பிசைந்துதான் வைப்பார். “முழுங்கிடக் கூடாது தம்பி, மென்னுதான் ஆகணும்” என்பார். அதற்கும் முன்னால் ஒரு கட்டுப் புல் போயிருக்க வேண்டும். முதலில் புல், பிறகு தானியம். திருப்பிச் சொல்கிறேன்: முதலில் புல், பிறகு தானியம்.

அடுத்தது சாணம். காலையில் லாயத்துக்குள் நுழைந்ததும் ஒரு உருண்டையை எடுத்துப் பிட்டுப் பார்ப்பார். முழுக் கொள்ளு கண்ணில் பட்டாலோ, புல் நீள நீளமாகக் கிடந்தாலோ, உடனே குதிரையின் வாயைத் திறந்துவிடுவார். சந்தேகம் பல் மேல்தான்.

அளவு கேட்பீர்கள். நம் பக்கத்துக் குதிரை 300 கிலோ என்று வைத்துக்கொண்டால், காய்ந்த புல் கணக்கில் நாளைக்கு 6 கிலோ வேண்டும். பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், அதனால் 25, 30 கிலோ வரை போகும். இதை இரண்டு வேளையில் முடிக்காமல் நாள் முழுக்கப் பிரித்துப் போடுங்கள். ராத்திரிக்கும் மிச்சம் கிடக்கட்டும். தானியம் ஒரு வேளைக்கு ஒரு கிலோவைத் தாண்ட வேண்டாம். தீவனத்தை மாற்றுவதானால் ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். உப்பும் தண்ணீரும் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று. மாட்டுக்கு வளர்க்கிற கம்பு நேப்பியர் புல்லையே குதிரைக்கும் வெட்டிப் போடுகிறார்கள். அதில் ஆக்ஸலேட் அதிகம். அது சுண்ணாம்புச் சத்தைக் குதிரையின் உடம்பில் சேரவிடாது. மாடு சமாளித்துவிடும், குதிரை அந்த அளவுக்குச் சமாளிக்காது. தவிடு நிறையப் போட்டாலும் பாஸ்பரஸ் ஏறி இதே கோளாறுதான். நாளாவட்டத்தில் முக எலும்பே வீங்கிவிடும். அருகம்புல்லும், கூடவே கொஞ்சம் குதிரைமசாலும் கொடுங்கள். குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து தாராளமாக இருக்கிறது.

குதிரை பளபளவென்று உருண்டையாக இருந்தால் ஆரோக்கியம் என்று நினைக்காதீர்கள். விலாவில் கையை வைத்துத் தடவுங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, கைக்குத் தெரிய வேண்டும். கண்ணுக்குத் தெரியக் கூடாது, கைக்குத் தெரிய வேண்டும். சந்தையில் நல்ல விலைக்குப் போகிற குதிரைகள் பலவற்றில் நான் விலாவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கடைசியாக, பெரியவர் சந்தேகப்பட்ட அந்தப் பல். குதிரைப் பல் தேயத் தேய வெளியே வந்துகொண்டே இருக்கும். மேல்வரிசையில் கன்னத்துப் பக்கமும் கீழ்வரிசையில் நாக்குப் பக்கமும் கூர் ஏறிவிடும். குத்தினால் குதிரை சரியாக மெல்லாது. மென்ற புல்லை உருண்டையாகக் கீழே துப்பும். அதைப் பார்த்துவிட்டு, வாய்க்கு இதமாக இருக்கட்டுமே என்று இன்னும் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றாதீர்கள். கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு, வருடத்துக்கு ஒரு முறையாவது பல்லுக்கு அரம் போடச் சொல்லுங்கள்.