பாலரும் திரையும் இருமொழிப் பயிற்சியும்

(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



மாணவர் விடுதி, உபகாரச் சம்பளம், விவாகச் செலவு ஆகியவற்றைப் பற்றி இச்சபையில் பலகாலும் பேசியிருக்கின்றோம். இன்று யாம் எடுத்துக்கொண்ட விஷயம் அவற்றினும் சிறியதுபோலத் தோன்றும். ஐந்து வயதுக்கு உட்பட்ட நம் குழந்தைகளுக்குக் கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் எதனைக் காட்டுவது, எம்மொழியில் காட்டுவது, எவ்வளவு நேரம் காட்டுவது என்பதே அது. விடுதியில் வந்து சேரும் மாணவனுக்கு வயது பதினான்கு. அவனுடைய செவியும் நாவும் பண்படத் தொடங்குவதோ தொட்டிற் பருவத்திலேயே. ஆதலின் இதனைச் சிறிதென்று தள்ளுவதற்கில்லை.

எம் குடும்பத்தில் நிகழ்ந்ததொன்றை முதலில் சொல்லுகின்றோம். சென்ற கோடை விடுமுறையில் பட்டணத்திலிருந்து ஊருக்கு வந்த மூன்று வயதுப் பேத்தி, பத்து நிறங்களின் பெயர்களையும் இருபது வரையுள்ள எண்களையும் ஆங்கிலத்தில் தடையின்றி ஒப்பித்தாள். கேட்டோர் யாவரும் மகிழ்ந்தோம். அன்றிரவு குழந்தைக்கு வயிற்றுவலி கண்டது. எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது என்று பாட்டி வினவியபோது, விடை கூற அவளிடம் தமிழிலும் சொல் இல்லை; ஆங்கிலத்திலும் சொல் இல்லை. அழுகை ஒன்றே இருந்தது. ஒப்பிக்கும் மொழி வேறு, உரையாடும் மொழி வேறு என்பதை அவ்விரவு எமக்கு உணர்த்திற்று. நாள்தோறும் மூன்று மணி நேரம் அவளைத் திரையின்முன் அமர்த்தியவர்கள் நாங்களே. ஆங்கிலம் தானே வந்துவிடும் என்னும் ஆசையால் அங்ஙனம் செய்தோம். குற்றம் எம்முடையதேயன்றிக் குழந்தையினுடையதன்று.

திரை தானே மொழியைக் கற்பிக்குமா என்பதை அறிஞர் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். அமெரிக்காவில் பட்ரீஷியா கூல் என்னும் அம்மையாரும் அவர்தம் தோழரும் 2003-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். ஆங்கிலம் பேசும் வீடுகளில் பிறந்த ஒன்பது மாதக் குழந்தைகள் சிலரோடு சீன மொழியாளர் நேரில் அமர்ந்து, பன்னிரண்டு முறை படித்துக் காட்டியும் விளையாடியும் பழகினர். அக்குழந்தைகள் சீன மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பகுத்தறியக் கற்றனர். அதே மொழியாளரைத் திரையில் மட்டும் கண்ட குழந்தைகளோ ஒன்றும் கற்றிலர். லகர ளகர ழகரங்களை நம் குழந்தைகள் பிரித்துச் சொல்ல வேண்டுமென்று விரும்பும் நாம் இதனை நன்கு சிந்தித்தல் வேண்டும்.

2014-ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி இன்னும் தெளிவானது. இரண்டு வயது கடந்த குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்களைக் கற்பித்தனர். முன்னரே பதிவு செய்த படத்தைக் கண்டோர் கற்றிலர். காணொளி அழைப்பில் ஒருவர் தம்மோடு மாறி மாறிப் பேசக் கண்டோர் கற்றனர். இரண்டும் திரையே. ஒன்று மறுமொழி தந்தது; மற்றொன்று தரவில்லை. இவ்விஷயத்தின் உயிர்நிலை மறுமொழியே என்பது எமது துணிபு. திரை மறுமொழி தராதவிடத்து, அருகிலிருப்பவர் அதனைத் தருதல் வேண்டும்.

நேரத்தின் அளவை உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்தது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டுவதில்லை. இரண்டு முதல் நான்கு வயது வரையிலுள்ளோர்க்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது. அதனினும் குறையின் நன்று.

இனி, அந்த ஒரு மணிக்குள் எதனைத் தேர்ந்தெடுப்பது? முதலாவதாக, காட்சிகள் மெல்ல நகர்தல் வேண்டும். கண் இமைக்குமுன் மாறும் படத்தில் சொல்லும் பொருளும் குழந்தையின் மனத்தில் ஒன்றுசேர்வதில்லை. இரண்டாவதாக, வினாவை எழுப்பிக் குழந்தையின் விடைக்காகச் சற்றே காத்திருக்கும் நிகழ்ச்சியே மேலானது. 1996-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘புளூஸ் குளூஸ்’ இம்முறையைக் கையாண்டது. ஒரே பகுதியை ஐந்து நாள் தொடர்ந்தும் ஒளிபரப்பிற்று. குழந்தை கண்டதையே காண விரும்புவது குறையன்று; கற்கும் வழியே அது. மூன்றாவதாக, ஒரே வாக்கியத்தில் இரு மொழிகளையும் கலந்து குழப்பும் படங்களை விலக்கி, ஒரு கதையைத் தமிழில் முழுமையாகவும் பின்னர் ஆங்கிலத்தில் முழுமையாகவும் தருவனவற்றை நாடுக. பிரதம் புக்ஸ் நிறுவனத்தார் 2015-இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் ஒரே கதை பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது; பொம்மையைச் சுட்டிக் காட்டி நாமே வாசிக்கலாம். நான்காவதாக, யூடியூபில் ஒன்று முடிந்ததும் மற்றொன்று தானே ஓடும் வசதியை நிறுத்திவிடுக. தொடக்கமும் முடிவும் பெரியோர் கையில் இருத்தல் வேண்டும்.

ஆங்கிலமின்றி உத்தியோகம் ஏது, வீட்டிலும் தமிழை விட்டாலென்ன என்று சிலர் கேட்கின்றனர். ஆங்கிலம் வேண்டாமென்று யாம் கூறவில்லை. ஆனால் ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க வேண்டுவதில்லை. மதுரையில் வீட்டில் சௌராஷ்டிரமும் வீதியில் தமிழும் பேசித் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தோரை நாம் அறிவோம். இரு மொழிகள் குழந்தைக்குச் சுமையல்ல. பேசுவாரின்றித் தனித்திருப்பதே சுமை. ஆங்கிலப் படத்தைக் காட்டினும், “அந்த முயல் எங்கே ஓடிற்று? அதற்கு ஏன் பயம்?” என்று தமிழில் கேளுங்கள். ஒரே படம் இரு மொழிப் பாடமாகிவிடும்.

உழைத்துக் களைத்து வரும் தாயார் சமைக்கும் வேளையில் கைப்பேசியைக் கொடுப்பதை யாம் பழிக்கவில்லை. அப்பாரம் தாயார் ஒருவருடையதன்று. தந்தையும், பாட்டனாரும், பாட்டியும் பத்து நிமிஷம் அருகில் அமர்வாராயின் அப்பாரம் பாதி குறையும். அயல்நாட்டில் வாழும் நம் குடும்பத்தார் நாள்தோறும் காணொளி அழைப்பில் குழந்தையை ஊரிலுள்ள முதியோரோடு பேசச் செய்க.

எம் பேத்தியும் இப்பொழுது இரவுதோறும் பாட்டியோடு அவ்வாறே பேசுகிறாள். சென்ற வாரம் அவள், “பாட்டி, முழங்கால் எரியுது, கீழே விழுந்துட்டேன்” என்றாள். இருபது எண்களை ஒப்பித்த நாளினும் அன்று பாட்டி அடைந்த மகிழ்ச்சி பெரிது. நம் ஒவ்வோர் இல்லத்திலும் குழந்தைக்கு மறுமொழி தர ஒருவர் இருப்பாராக என்று வேண்டி, எமது சொற்பொழிவை முடித்துக்கொள்ளுகின்றோம்.