சங்கத்தின் மின்னஞ்சல் குழு – சாவி யாரிடம்?

(பெங்களூரு அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சங்கத்திற்கு எந்த மின்னஞ்சல் குழு சேவை உகந்தது என்று விசாரித்துச் சொல்லும்படி காரியக் கமிட்டி என்னைப் பணித்தது. இந்த விஷயத்தில் என்னைவிடத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நேரமில்லை, எனக்கு இருக்கிறது. என் தகுதி அவ்வளவுதான். காலேஜில் பௌதிகம் படித்தவன் என்பதால், ஒரு யந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதை நம்ப மனம் வருவதில்லை. அந்த வழக்கத்தில்தான் இதையும் பார்த்தேன்.

முதலில் நம் கிளையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பழைய அங்கத்தினர்களுக்கு ஞாபகம் இருக்கும். 2003-ல் நம்மில் ஒருவர், பாங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவர், தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஓர் இலவசச் சேவையில் நமக்கென்று ஒரு குழு ஆரம்பித்தார். சுமார் நானூறு பேர் சேர்ந்தார்கள். வேண்டாத விளம்பரங்கள் வரக்கூடாதென்று, எந்தக் கடிதமானாலும் அவர் பார்த்து அனுமதித்த பிறகே எல்லோருக்கும் போகும்படி ஏற்பாடு செய்திருந்தார். பழைய கடிதங்கள் வெளியார் கண்ணில் படக்கூடாதென்று, நிர்வாகி மட்டுமே அவற்றைத் திறக்கும்படியும் வைத்திருந்தார். நிர்வாகி அவர் ஒருவர்தான். பதினொரு வருஷம் ஒருநாள் தவறாமல் பார்த்துக்கொண்டார். 2014-ல் காலமானார்.

அவர் போன செய்தியைக் குழுவில் போட்டோம். யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஏனென்று மூன்றாம் நாள்தான் புரிந்தது. அந்தச் செய்தி அவருடைய அனுமதிக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் கடவுச்சொல்லைக் கேட்பது எப்படி? பதின்மூன்றாம் நாள் ஆகட்டும் என்று காத்திருந்து, தயங்கித் தயங்கிக் கேட்டோம். "நேக்கு அதெல்லாம் தெரியாதேண்ணா, அவர்தானே பார்த்துப்பார்" என்றார் மாமி. டைரியில் தேடினோம், இல்லை. சேவையாளருக்கு எழுதினோம், குழுவின் சொந்தக்காரர் எழுதினால்தான் ஆகும் என்று பதில் வந்தது. அவர்கள் சட்டப்படி சரி. தவறு எங்களுடையது. பதினொரு வருஷத்தில் ஒருநாள்கூட நாங்கள் யாரும், "இன்னொருவர் பெயரையும் போட்டு வையுங்கள்" என்று அவரிடம் சொல்லவில்லை.

உள்ளே என்ன இருந்தது? நம்மில் மூத்த அங்கத்தினர் ஒருவர், பாலக்காட்டுப் பக்கத்து அக்ரஹாரம் ஒன்றில் பிறந்தவர், தம் கிராமத்தின் இரண்டு தெருக்களிலும் எந்த வீட்டில் யார் குடியிருந்தார்கள், அவர்கள் கோத்திரம், சூத்திரம், யார் எந்த ஊருக்குப் போனார்கள் என்று நாற்பது கடிதங்களுக்கு மேல் எழுதியிருந்தார். எல்லாம் குழுவிலேயே நேராகத் தட்டச்சு செய்தது. வேறு பிரதி கிடையாது. அவரும் போய்விட்டார். சில வருஷங்களுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து அவர் பேரன், தன் பிள்ளைக்கு உபநயனம் வைத்திருப்பதாகவும் தாத்தாவின் கடிதங்கள் வேண்டுமென்றும் கேட்டான். அங்கும் இங்குமாக நாலைந்து பேர் பெட்டிகளில் தேடி, ஏழு கடிதங்கள் கிடைத்தன. அனுப்பி வைத்தோம். மற்றவை கிடைக்கவில்லை.

ஆகவே, எந்தச் சேவை என்பதற்கு முன்னால், சாவி யாரிடம், பிரதி எங்கே என்ற இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டுதான் நான் விசாரிக்கத் தொடங்கினேன்.

மின்னஞ்சல் குழு என்பது சூக்ஷ்மமான விஷயம் இல்லை. ஒரே ஒரு முகவரி; அதற்கு எழுதினால் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் போகும். இதைத் தானாகச் செய்யும் 'லிஸ்ட்சர்வ்' என்ற மென்பொருளை 1986-ல் எரிக் தோமா என்பவர் எழுதினார். அப்போது பல்கலைக்கழகங்களுக்குள்தான் புழக்கம். 1990களின் பிற்பாதியில்தான் ஒன்லிஸ்ட், ஈகுரூப்ஸ் என்று யார் வேண்டுமானாலும் இலவசமாகக் குழு தொடங்கும் சேவைகள் வந்தன. இரண்டும் ஒன்றாகி, 2000-ல் யாஹூ அதை வாங்கியது. அதுதான் யாஹூ குரூப்ஸ்.

தமிழர்கள் இதில் பிந்தவில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் மின்னஞ்சலில் கூடித் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்த காரியம். பிறகு யாஹூவில் அகத்தியர், மரத்தடி, ராயர் காபி கிளப், பொன்னியின் செல்வன் என்று எத்தனை குழுக்கள்! இங்கே பலர் அவற்றை வாசித்திருப்பீர்கள். சிலர் எழுதியும் இருப்பீர்கள்.

அதெல்லாம் எப்படி முடிந்தது என்பதைத் தேதியோடு சொல்கிறேன், ஏனென்றால் நமக்கு வேண்டிய பாடம் தேதிகளில்தான் இருக்கிறது. 2017-ல் யாஹூவை வெரைசான் கம்பெனி வாங்கியது. 2019 அக்டோபர் 16-ம் தேதி ஓர் அறிவிப்பு வந்தது: அக்டோபர் 28-க்குப் பிறகு குழுக்களின் வலைப் பக்கத்தில் புதிதாக எதுவும் ஏற்ற முடியாது, டிசம்பர் 14-ல் கோப்புகள், படங்கள், பழைய கடிதங்கள் எல்லாம் அழிக்கப்படும். எதிர்ப்பு வலுத்தபின் 2020 ஜனவரி 31 வரை தவணை கொடுத்தார்கள். இணைய ஆவணங்களைக் காப்பாற்றும் தன்னார்வலர்கள் ஓடி ஓடி ஒரு பகுதியைப் பிரதி எடுத்தார்கள். 2020 டிசம்பர் 15-ம் தேதி மின்னஞ்சல் போக்குவரத்தும் நின்றது. ஏறக்குறைய இருபது வருஷக் கடிதங்களை எடுத்துக்கொள்ள முதலில் கொடுத்த அவகாசம் இரண்டு மாதம். வாடகைக்கு இருக்கும் வீட்டைக் காலி செய்யவே நாம் மூன்று மாதம் கேட்போம். இது வாடகை கொடுக்காத வீடு, கேட்க வாயில்லை.

மைக்ரோசாப்டின் எம்.எஸ்.என். குரூப்ஸ் 2009-ல் மூடியபோது, மல்டிப்ளை என்ற இடத்திற்குப் போகலாம் என்று வழி காட்டினார்கள். போனவர்கள் மூட்டையைப் பிரித்து வைப்பதற்குள், 2012-ல் அங்கும் அந்தப் பகுதியை மூடிவிட்டார்கள். ஆகையால் எந்தக் கம்பெனி நிரந்தரம் என்று தேடுவது வீண் வேலை. நாளைக்கே மூடினால் நாம் கையோடு என்ன எடுத்துக்கொண்டு வர முடியும் என்று பார்ப்பதுதான் உசிதம்.

"மாமா, வாட்ஸ்அப் இருக்கும்போது இந்தப் பழைய சமாசாரம் எதற்கு?" என்று என் பேத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. நாளை பஜனை எத்தனை மணிக்கு என்று சொல்ல வாட்ஸ்அப்தான் சரி. ஆனால் அதில் ஒரு குழுவுக்கு 1024 பேர்தான். யாராவது சேர்ந்தால் எல்லோர் தொலைபேசி எண்ணும் அவருக்குத் தெரியும். தனியாக இருக்கும் முதியவர்களைப் போலீஸ் என்று சொல்லித் தொலைபேசியில் மிரட்டிப் பணம் பறிக்கும் இந்தக் காலத்தில், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் ஆயிரம் பேரின் எண்ணை ஒரே தட்டில் வைத்து நீட்டுவது எனக்குச் சம்மதமில்லை. தவிர, போன வருஷம் ஆவணி அவிட்டத்திற்கு என்ன ஏற்பாடு செய்தோம் என்று அதில் தேடி எடுப்பதற்குள், குட் மார்னிங் ரோஜாப்பூக்கள் நூறு வந்துவிடும்.

இன்னொரு யோசனை, செயலாளரே தம் ஜிமெயிலிலிருந்து எல்லோருக்கும் அனுப்பிவிடுவது. தனிநபர் ஜிமெயிலில் நாளொன்றுக்கு 500 பேர்தான் வரம்பு. அதைத் தாண்டினால் அனுப்பும் வசதியைத் தாற்காலிகமாக நிறுத்திவிடுவார்கள். மறைவுப் பிரதியில் போட மறந்தால் எல்லோர் முகவரியும் எல்லோருக்கும் தெரியும். செயலாளர் மாறினால் பட்டியலும் அவரோடு போகும். நாம் பட்டது போதாதா?

மிஞ்சுவது மூன்று வழிகள்.

ஒன்று கூகுள் குரூப்ஸ். செலவில்லை. நம்மவர்களில் பெரும்பாலோர் ஜிமெயில்காரர்கள், அதனால் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. குழுவின் சொந்தக்காரர் கூகுளின் 'டேக்அவுட்' வசதி மூலம் கடிதங்களையும் அங்கத்தினர் பட்டியலையும் இறக்கிக்கொள்ளலாம். எனக்கு இது பெரிய விஷயம். இரண்டாவது குரூப்ஸ்.ஐஓ. முன்பு ஒன்லிஸ்ட்டை ஆரம்பித்த மார்க் ஃப்ளெட்சர் என்பவரே 2014-ல் இதைத் தொடங்கினார். யாஹூ மூடியபோது பல குழுக்கள் இங்கேதான் குடியேறின. நன்றாகச் செய்திருக்கிறார், குழுவுக்கு வேண்டிய சகல வசதிகளும் உண்டு. ஆனால் 2021 முதல் புதிய இலவசக் குழுவில் 100 பேர்தான். அதற்கு மேல் கட்டணம். கட்டணம் கட்டுவதில் எனக்கு ஆக்ஷேபம் இல்லை. காசு கொடுக்கிறவனுக்குக் கேள்வி கேட்க உரிமை உண்டு. ஆனால் வெளிநாட்டுக் கம்பெனிக்கு டாலரில் யாருடைய கார்டிலிருந்து கட்டுவது? அவர் கமிட்டியிலிருந்து விலகினால்? மறுபடி அதே சாவிப் பிரச்சினை.

மூன்றாவது, நமக்கென்று ஒரு வலை முகவரி வாங்கி, 'மெயில்மேன்' என்ற இலவச மென்பொருளை நாமே நிறுவி நடத்துவது. முழுச் சுதந்திரம். எனக்கு ஆசைதான். ஆனால் சமையல்காரர் வைக்காமல் கல்யாணம் நடத்துவது போன்றது. அடுப்படியில் எப்போதும் ஓர் ஆள் நிற்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

2014 ஏப்ரலில் ஒரு கூத்து நடந்தது. போலிக் கடிதங்களைத் தடுக்க 'டிமார்க்' என்றொரு முறை. யாஹூ முகவரியிலிருந்து வந்ததாகச் சொல்லும் கடிதம் யாஹூவின் கம்ப்யூட்டரிலிருந்து வந்ததென்று உறுதியாகாவிட்டால் நிராகரியுங்கள் என்று யாஹூ உலகத்துக்கு அறிவித்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் குழு மூலம் போகும் கடிதத்தில் எழுதியவர் முகவரி ஒன்று, அனுப்பும் கம்ப்யூட்டர் வேறு. மயிலாப்பூர் விலாசம் எழுதிய கவரில் மாம்பலம் தபால் முத்திரை விழுந்த மாதிரி! உலகம் முழுக்கக் குழுக்களில் கடிதங்கள் திரும்பின. திரும்பிய கணக்கில், ஒரு தவறும் செய்யாத மற்ற அங்கத்தினர்களின் பெயர்கள்கூடப் பட்டியலிலிருந்து தானாக நீங்கின. பிறகுதான் "இன்னார், இந்தக் குழு வழியாக" என்று அனுப்புநர் பெயரை மாற்றி எழுதும் பழக்கம் பரவியது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் விதிகளை இன்னும் இறுக்கியிருக்கின்றன. இதையெல்லாம் கவனிக்கச் சம்பளத்துக்கு ஆள் வேண்டும், அல்லது வாரம் நாலு மணி நேரம் தரும் தொண்டர் வேண்டும். இரண்டும் இன்று நம்மிடம் இல்லை.

ஆகவே என் சிபாரிசு கூகுள் குரூப்ஸ்தான். அதில் ஒரு குழு போதாது, இரண்டு வேண்டும். ஒன்று அறிவிப்புக்கு மட்டும்; கமிட்டி எழுதும், மற்றவர்கள் படிப்பார்கள். இன்னொன்று சம்பாஷணைக்கு; விரும்புகிறவர்கள் சேரலாம். இரண்டாவதில் 'பதில்' அழுத்தினால் எழுதியவருக்கு மட்டும் போகும்படி வைக்க வேண்டும். பழைய குழுவில் பதில் எல்லோருக்கும் போகும். ஒரு தகப்பனார் தம் மைத்துனருக்கு எழுதுவதாக நினைத்து, "ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிடு, நிஜக் காரணம் நேரில் சொல்கிறேன்" என்று எழுதினார். நானூறு பேர் படித்தார்கள். பெண் வீட்டாரும் அந்த நானூறில் இருந்தார்கள்.

வரன் விவரங்கள் எந்தக் குழுவிலும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பிறந்த தேதி, நேரம், சம்பளம், தொலைபேசி எல்லாம் அதில் இருக்கின்றன. கல்யாணம் ஆகி பத்து வருஷம் கழித்தும் அந்தக் கடிதம் கிடக்கும். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு நிறைவேறியிருக்கிறது. நம் இதழிலும் அலுவலகப் பதிவேட்டிலும் இருப்பது போதும். சில தாய்மார்கள் முகம் சுளிப்பது இங்கிருந்து தெரிகிறது. கமிட்டியில் பேசித் தீர்மானியுங்கள். நான் பிடிவாதம் பிடிக்கவில்லை.

சாவி விஷயத்தில் மட்டும் பிடிவாதம் பிடிப்பேன். சர்க்கார் கஜானாவில் ஸ்ட்ராங் ரூமுக்கு இரட்டைப் பூட்டு உண்டு. இரண்டு சாவி, இரண்டு அதிகாரிகள். ஒருவர் மாற்றலாகிப் போனால், எண்ணிப் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அடுத்தவர் பொறுப்பேற்பார். நமக்கு அவ்வளவு கெடுபிடி வேண்டாம். குழுவின் சொந்தக்காரர்களாக மூன்று பேர் பதிவாக வேண்டும். அவர்களில் ஒருவராவது ஐம்பது வயதுக்குக் கீழே, ஒருவராவது வேறு ஊரில். முதல் கணக்கு யாருடைய சொந்த ஜிமெயிலும் அல்ல, சங்கத்தின் பெயரில் தனியாகத் திறந்தது. அதன் கடவுச்சொல் ஒட்டிய கவரில், சங்கப் பதிவுச் சான்றிதழ் இருக்கும் அதே பீரோவில். நுழையும்போது கேட்கும் ரகசிய எண் ஒருவருடைய தொலைபேசிக்கு மட்டும் வரும்படி இருந்தால் கவரால் பயனில்லை; அதற்கும் மாற்று எண்களை அச்சிட்டு அதே கவரில் வைக்கலாம். மூன்று மாதத்திற்கு ஒருமுறை, இதழ் அச்சுக்குப் போகும் வாரத்தில், கடிதங்களையும் பட்டியலையும் இறக்கி இரண்டு பிரதி எடுக்க வேண்டும். ஒன்று இங்கே, ஒன்று சென்னையில். வருஷக் கணக்கைத் தணிக்கை செய்கிறவர் அந்தப் பிரதியை ஒருமுறை திறந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். திறந்து பார்க்காத பிரதியை நான் பிரதி என்று ஒப்புக்கொள்வதில்லை.

தமிழில் எழுதுகிறவர்கள் யூனிகோடில் மட்டும் எழுதுங்கள். கிடைத்த அந்த ஏழு கடிதங்களும் டிஸ்கி எழுத்தில் இருந்தன. இன்றைய கம்ப்யூட்டரில் புள்ளியும் கோடுமாகத் தெரிந்தன. மாற்றி மென்பொருளில் போட்டு எடுத்தோம்.

அந்தக் கடிதங்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். 2003-லிருந்து 2014 வரை நம் குழுவில் இருந்தவர்கள், பழைய கம்ப்யூட்டரோ சி.டி.யோ, காகிதத்தில் எடுத்த அச்சோ இருந்தால் தயவுசெய்து தேடிப் பாருங்கள். அந்தப் பெரியவர் பழைய கால வழக்கப்படி ஒவ்வொரு கடிதத்திற்கும் மேலே எண் போட்டிருப்பார். நம்மிடம் இருப்பவை 3, 4, 9, 17, 18, 26, 31. வேறு எது கிடைத்தாலும் கிளைச் செயலாளருக்கு அனுப்புங்கள்.

வாசலில் படிவம் வைத்திருக்கிறது. மின்னஞ்சல் முகவரியைப் பெரிய எழுத்தில், பூஜ்யத்திற்கும் 'ஓ'வுக்கும் வித்தியாசம் தெரியும்படி எழுதுங்கள். மாமாவின் முகவரியை மட்டும் எழுதிவிட்டு வராமல், மாமிகளும் தங்கள் முகவரியைத் தனியாக எழுத வேண்டும். வெளியூர் அங்கத்தினர்களுக்கு அடுத்த இதழோடு படிவம் வரும்.