நாக்கு தளர்ந்து, காதும் மந்தமானால்



சந்தவாசலில் இருபது வயதுப் பையன் ஒருவனுக்குக் குடிக்கிற தண்ணீர் மூக்கு வழியே வருகிறது, பேச்சும் மூக்காலேயே வருகிறது என்று வையுங்கள். "அவசரமா குடிக்கிறான்" என்பார்கள் வீட்டில். காது மந்தமானதற்குத் தனியாகச் சொட்டு மருந்து ஓடிக்கொண்டிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆளிருக்காது.

அப்படிச் சேர்த்துப் பார்த்தவர்கள் சென்னை மருத்துவர்கள். இளவயதிலேயே கைகால் சூம்பி, முகமும் நாக்கும் தளர்ந்து, பலருக்குக் காதும் கேட்காமல் போகிற நோயை 1970இல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், பி. ராமமூர்த்தி மூவரும் எழுதினார்கள். 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்று உலகமே அதைச் சொல்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலும் இந்த நோயாளிகளைப் பல்லாண்டு கவனித்திருக்கிறார்கள்.

மூளைத்தண்டிலிருந்து கிளம்பும் நரம்புகளில் 9 முதல் 12 வரையிலான நான்கு ஜோடிகள்தான் விழுங்க, குரலெழுப்ப, தோளை உயர்த்த, நாக்கைப் புரட்ட உதவுபவை. இந்த நோயில், அவற்றை இயக்கும் செல்களான மோட்டார் நியூரான்கள் மெல்ல மெல்ல மடிகின்றன. நாக்கு ஓரத்தில் சுருங்கும். சும்மா கிடக்கும்போதே புழு நெளிவதுபோல் துடிக்கும். முகத்துக்கான ஏழாவதும், செவிக்கான எட்டாவதும் கெடலாம்.

மோட்டார் நியூரான் நோய் என்றதும் கைப்பேசியில் தேடி, "இன்னும் மூணு நாலு வருஷந்தான்" என்று ஒடிந்துபோகிறவர்கள் உண்டு. அவர்கள் படிப்பது ஏ.எல்.எஸ். என்ற இன்னொரு வகை மோட்டார் நியூரான் நோயைப் பற்றி; அது பெரும்பாலும் ஐம்பது தாண்டியவர்களுக்கு வருவது. மெட்ராஸ் வகையோ மிக மெதுவாக நகர்வது. இதோடு பல பத்தாண்டுகள் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். காரணம் இன்னும் பிடிபடவில்லை, முற்றாகக் குணமாக்கும் மருந்தும் இல்லை.

ஆனால் இதே சாயலில் இன்னொரு நோய் உண்டு: பிரவுன்-வியாலெட்டோ-வான் லேர். அதிலும் செவிடும் நாக்குத் தளர்ச்சியும் சேர்ந்தே வரும். பலருக்கு அது ரைபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமினை உடலுக்குள் கொண்டுசெல்ல உதவும் மரபணுவின் கோளாறு என்று 2010 முதல் தெரியவந்தது. அதிக அளவில் அந்த வைட்டமினைக் கொடுத்தால் நன்றாகத் தேறியவர்கள் உண்டு. சீக்கிரம் தொடங்குவது முக்கியம். கடையில் நீங்களாக வாங்கி விழுங்கிப் பார்க்கிற விஷயமல்ல இது.

படவேடு ரேணுகாம்பாள் அம்மனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், தப்பில்லை. கூடவே வேலூர் பஸ்ஸும் ஏறுங்கள். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் 1949இலேயே நரம்பியல் துறை வந்துவிட்டது. நரம்பு மருத்துவரிடம் போகும்போது காது பரிசோதனைச் சீட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.