சரித்திரம் படிப்பது எதற்கு?

(மதுரை மாணவர்களிடையே பேசிய பேச்சின் சுருக்கம்)



சரித்திரத்தைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். நான் சரித்திரப் பட்டம் பெற்றவனல்ல. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டு, பிறகு கையில் கிடைத்ததைப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்துகொண்டவன். ஆகையால் நான் சொல்லுவதை அப்படியே நம்பிவிடாமல், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தோழர்களே! சரித்திரப் பாடம் என்றால் நம் பிள்ளைகளுக்கு ஞாபகம் வருவதென்ன? எந்த ராஜா எந்த வருஷம் பட்டத்துக்கு வந்தான், யாரோடு சண்டை போட்டான், எப்போது செத்தான் என்பதுதான். பரீட்சைக்கு மறுநாள் அதுவும் மறந்துபோகிறது. காலேஜிலோ, வேறு வகுப்பில் இடம் கிடைக்காதவன் போய் உட்காருகிற வகுப்பு என்று இதற்குப் பெயர். “இதைப் படித்தால் சோறு கிடைக்குமா?” என்று தகப்பனார் கேட்கிறார். கேள்வி நியாயமானதே. ஆனால், “உன் பாட்டன் கைகட்டி நின்றான், நீயும் நில்” என்று ஒருவன் சொன்னபோது, “அதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்கத் தெரியாததால் நாம் இழந்தது எவ்வளவு என்பதையும் அவர் யோசித்துப் பார்க்கவேண்டும். ஆதாரம் கேட்பதுதான் சரித்திரப் படிப்பு. மற்றதெல்லாம் மனப்பாடம்.

நம் மதுரையையே எடுத்துக்கொள்ளுவோம். கூன் பாண்டியன் காலத்தில் சம்பந்தருக்கும் சமணருக்கும் வாதம் நடந்ததாம். நெருப்பிலிட்ட ஏடு வேகவில்லையாம். வைகையில் விட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்துத் திருவேடகம் போய்ச் சேர்ந்ததாம். தோற்ற சமணர் எண்ணாயிரம் பேர் கழுவேற்றப்பட்டார்களாம். ஏடு எதிர்நீச்சல் போட்டதென்றால் நாம் சிரிக்கிறோம். ஆனால் அதே கதையில் வரும் எண்ணாயிரத்தை மாத்திரம் நம்பிவிடுகிறோம்! நானே எத்தனையோ மேடைகளில் இந்த எண்ணாயிரத்தைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியவன்தான்.

ஒரு நாள் கூட்டம் முடிந்ததும் ஒரு மாணவன் வந்தான். “ஐயா, எதிர்நீச்சல் பொய், எண்ணாயிரம் மெய் என்று எந்தத் தராசில் நிறுத்துப் பார்த்தீர்கள்?” என்றான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பிறகு படித்துப் பார்த்தேன். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படுவது 7-ஆம் நூற்றாண்டு. அதை விரிவாகப் பாடிய சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டுக்காரர். இடையில் ஐந்நூறு வருஷம்! சென்னை சர்வகலாசாலையில் சரித்திரப் பேராசிரியராயிருந்த நீலகண்ட சாஸ்திரியார் இக்கதையைச் சரித்திரமாகக் கொள்ள மறுத்தார். “சைவத்துக்குப் பழி வராமல் பார்த்துக்கொள்ளுகிறார்” என்றுதான் முதலில் நினைத்தேன். சொன்னவர் யார் என்று பார்த்தேனே தவிர, ஆதாரம் என்ன என்று பார்க்கவில்லை.

கடைசியில் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனேன். செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் இருக்கின்றன. கூடவே வட்டெழுத்து. அவை 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்று எழுத்தறிந்தவர்கள் கணித்திருக்கிறார்கள். ஆசிரியர் பெயர், மாணாக்கர் பெயர், அச்சணந்தி என்ற முனிவரின் தாயார் குணமதியார் பெயர்கூட அதில் இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டிலேயே மதுரைச் சமணர் பூண்டோடு ஒழிந்திருந்தால், இருநூறு முந்நூறு வருஷம் கழித்து இவற்றைச் செதுக்கியது யார்? பேயா, பிசாசா?

இதனால் சமணருக்குத் துன்பமே நேரவில்லை என்று ஆகிவிடாது. மாற்று மதத்தானைக் கழுவேற்றியதாகப் பெருமையோடு எழுதிவைத்த புத்தி கண்டிக்கத்தக்கதே. ஆனால் எழுதிவைத்தது வேறு, நடந்தது வேறு. கல்லிலுள்ள சாட்சியை மறைத்துவிட்டு நாம் பேசினால், நமக்கும் புராணப் பிரசங்கிக்கும் என்ன வித்தியாசம்?

கீழடிக்கும் இதே அளவுகோல்தான். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரியை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, அது கி.மு. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்டது. தமிழ் எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகளும் அங்கே கிடைத்திருக்கின்றன. இது போதாதா? நாமாக ஒரு சைபரைச் சேர்த்து இருபத்தாறாயிரம் வருஷம் என்று சொன்னால், மெய்யும் பொய்யோடு சேர்ந்து கெட்டுப்போகும்.

ஆகையால் மாணவர்களே! முக்கியமாக, ஏழை வீட்டிலிருந்து முதன்முதலாகக் காலேஜுக்குப் போகிறவர்களே! சரித்திரத்தைத் தள்ளாதீர்கள். வட்டெழுத்துப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கல்வெட்டைப் படியெடுக்கப் பழகுங்கள். உபாத்தியாயர்களும் வருஷத்துக்கு ஒரு நாளாவது பிள்ளைகளைச் சமணர் மலைக்கு அழைத்துப்போகவேண்டும். சொன்னவன் யார், எப்போது சொன்னான், அவனுக்கு எப்படித் தெரியும், அதனால் யாருக்கு லாபம் என்ற நான்கு கேள்விகளையும் எவனிடமும் கூசாமல் கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள். அன்று அந்த மாணவன் கேட்டிராவிட்டால், இன்றைக்கும் நான் எண்ணாயிரத்தையே பேசிக்கொண்டிருப்பேன்.